காற்று விழுந்த வாரம்

குற்றாலத்தில் சீசன் எப்படி இருக்கிறது என்று கேட்டு எனக்கு ஒரு நாளைக்கு நாலைந்து போன் வரும். ஆனியில் ஆரம்பித்தால் ஆவணி முடியும்வரை இதே கேள்விதான். அருவியில் தண்ணீர் விழுகிறதா, கூட்டம் எப்படி, சனிக்கிழமை வந்தால் குளிக்கலாமா. தென்காசியில் வீடு வைத்திருக்கிற யாரும் இதிலிருந்து தப்ப முடியாது. எல்லோருக்கும் சாரல் நீடிக்க வேண்டும். நான் ஒருத்தி மட்டும் அது எப்போது நிற்கும் என்று மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் நீயெல்லாம் மனுஷியா என்பார்கள்.

என் வேலை கடலில். தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், கண்ணுக்குத் தெரியாத பாசிகளை எண்ணுகிற வேலை. கடல் தண்ணீரில் மிதக்கிற அந்த ஒற்றைச் செல் உயிர்கள் சில சமயம் திடீரென்று பெருகி, மைல் கணக்கில் கடலின் நிறத்தையே மாற்றிவிடும். மன்னார் வளைகுடாவில் அது பச்சையாக வரும். மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். அது வந்தால் மீன் மூச்சுத் திணறிச் சாகும், வலை கொழகொழவென்று ஆகும், இரண்டு வாரம் தொழில் நடக்காது. எந்தச் சூழ்நிலையில், எந்த நாளில் அது ஆரம்பிக்கிறது என்பதுதான் எங்கள் திட்டத்தின் ஒரே கேள்வி. ஆரம்பித்த பிறகு போவதில் பெருமை ஒன்றும் இல்லை. கடல் பச்சையான பிறகு கரையிலிருக்கிற டீக்கடைக்காரருக்கும் அது தெரியும். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய ஓரிரு நாட்களின் தண்ணீர்.

அந்த நாளைக் கணிப்பது அப்படியொன்றும் மந்திரம் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் சாரலைத் தூவுகிற அதே தென்மேற்குக் காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி, ஈரத்தையெல்லாம் நம் ஊரிலேயே உதறிவிட்டு, வறண்டு போய்க் கிழக்கே ஓடிக் கடலைக் கலக்குகிறது. தூத்துக்குடியில் அதற்குக் கச்சான் என்று பெயர். மூன்று மாதம் அது கடலைக் கடைவதில் அடியில் கிடக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், அதோடு அடியில் மக்கிக் கிடக்கிற சத்தும் வரும். பாசிக்குச் சாப்பாடு தயார். ஆனால் தண்ணீர் கலங்கிக் கிடப்பதால் வெயில் உள்ளே இறங்காது. பாசியையும் அலை மேலும் கீழுமாகப் புரட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே காற்று விழ வேண்டும். விழுந்து, வண்டல் படிந்து, சில நாள் சுள்ளென்று வெயில் அடித்து, மேல் தண்ணீர் சூடாகி அசையாமல் நிற்க வேண்டும். இத்தனையும் ஒன்றாகக் கூடினால் பாசி பெருகும். ஒன்று குறைந்தாலும் பெருகாது.

ஆக, சாரல் நின்றுவிட்டதே என்று தென்காசியே முகம் சுளிக்கிற அந்த வாரத்தில் நான் பையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓட வேண்டும். ஓட முடிந்ததே இல்லை. முதல் வருஷம், அருவியில் வழுக்கி விழுந்த சின்ன மாமனாரை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப்போனேன். இரண்டாவது வருஷம், ஆய்க்குடி முருகனுக்கு வேண்டுதல் என்று பதினோரு பேர் வீட்டில் வந்து இறங்கினார்கள். இரண்டு தடவையும் நான் போய்ச் சேர்ந்தபோது கடல் பச்சையாகிக் கிடந்தது.

மூன்றாவது வருஷம் இப்படி ஆகக்கூடாது என்று முன்னேற்பாடு செய்தேன். தண்ணீரிலிருந்து பாசியை வடித்தெடுக்க, கூம்பு மாதிரி இருக்கிற மிதவை வலை, அமிலத்தில் கழுவிச் சீட்டு ஒட்டிய பன்னிரண்டு குப்பிகள், வாளி, கயிறு எல்லாவற்றையும் ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்து என் காரின் டிக்கியிலேயே வைத்துக்கொண்டேன். சொன்ன நிமிஷத்தில் கிளம்பிவிடலாம் அல்லவா.

மதினியும் அண்ணாச்சியும் மதுரையிலிருந்து வந்தார்கள். மதினி என் கணவரின் அக்கா. அண்ணாச்சி அவர் கணவர், ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். என் கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ பனியில் இருந்தார். தென்காசி வீடு மதினி பிறந்து வளர்ந்த வீடு. அதனால் நான்தான் அங்கே விருந்தாளி என்கிற தோரணையில் அவர் அடுக்களையில் டப்பாக்களை இடம் மாற்றி வைப்பார். மூன்று நாள் என்று வந்தார்கள். வந்த அன்று அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. மறுநாளும் தடை. "வந்ததுக்கு ஒரு குளி குளிச்சிட்டுப் போயிருதோம்" என்றார் மதினி. தடை நீங்கிக் குளித்த பிறகு, பழைய அருவியில் குளிக்கவில்லை என்றார். அதிலும் குளித்த பிறகு, ஐந்தருவி பாக்கி என்றார். ஒன்பது நாள் ஆயிற்று. தினமும் காலையில் இட்லி, மத்தியானம் சமையல், சாயங்காலம் ஈரத் துணிகளை வீடு முழுக்கக் கட்டிய கொடியில் மாற்றி மாற்றிப் போடும் வேலை. லீவு தீர்ந்துகொண்டிருந்தது.

ஏழாம் நாள் காற்று தளர்ந்தது. செல்போனில் காற்றின் வேகம் காட்டுகிற படத்தை மணிக்கு ஒருதரம் பார்த்தேன். எட்டாம் நாள் மொட்டைமாடிக் கொடியில் வேட்டி ஆடாமல் நேராகத் தொங்கியது. இந்தக் காற்றை நம்பவும் முடியாது. ஒரு நாள் படுத்துக் கிடந்துவிட்டு மறுநாள் எழுந்து ஆடும். அதைச் சாக்காக வைத்து, இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். விருந்தாளிகளை விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லப் பயம் என்பதுதான் உண்மை.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்குப் படகுக்காரரிடமிருந்து போன். எங்கள் திட்டத்துக்கு நாட்டுப்படகு ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும்.

"மேடம், காத்து சுத்தமா விழுந்துட்டு. தண்ணி தெளிஞ்சு கிடக்கு. வெளிய எண்ண ஊத்துன மாதிரி அசையாம இருக்கு. இன்னைக்கு வந்தா உண்டு."

"பதினோரு மணிக்கு அங்கன இருப்பேன்" என்றேன். சாவியை எடுக்கப் போனேன். ஆணியில் சாவி இல்லை. வாசலில் கார் இல்லை. அடுக்களை மேடையில் ஒரு சீட்டு இருந்தது. மதினியின் கையெழுத்து. "ஐந்தருவி போகிறோம். நீ தூங்கினாய், எழுப்பவில்லை."

தூங்கினேனாம். ஆறரை மணிக்கு எழுந்து மாவு ஆட்டுவதற்கு அரிசி நனைத்துவிட்டுக் கண்ணயர்ந்த அரை மணி நேரம் அது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மதினியின் போன் கூடத்து சோபாவில் கிடந்து ஒலித்தது. ஆட்டோ பிடித்துக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேரளா வண்டிகளும் சுற்றுலா பஸ்களும் பம்பரோடு பம்பர் ஒட்டி நின்றன. சாரல் நின்று வெயில் காய்கிறது, அருவி மெலிந்துவிட்டது, ஆனாலும் ஜனம் குறையவில்லை. கடைசி ஒன்றரை கிலோமீட்டரை நடந்தே போனேன்.

ஐந்தருவிக்கு முன்னால் ஒரு பழக்கடை ஓரத்தில் மதினி தலையைத் துவட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் காலடியில் என் மிதவை வலை. நைலான் துணி பட்டு மாதிரி மெல்லியது, தலைமுடியை விட நுண்ணிய கண்ணிகள். அதன் இரும்பு வளையத்தைப் பிடித்துத் தூக்கிக்கொள்ளத் தோதாக இருந்ததால் மதினி அதற்குள் மங்குஸ்தான் பழம் வாங்கி நிரப்பியிருந்தார். அடியில் கிடந்த பழங்கள் நசுங்கி, வலை பாதிவரை ஊதா நிறம்.

"ஏட்டி, நீயும் வந்துட்டியா! நல்ல பை வச்சிருக்கியே, எங்கன வாங்குன?"

"மதினி, அது பை இல்ல. குப்பி எல்லாம் எங்க?"

"எந்தக் குப்பி? அந்தப் புதுப் பாட்டிலா? மூலிகை எண்ண வாங்குனேன். கடைக்காரன் குடுத்த பாட்டில் ஒழுகுது. சும்மாதான கிடக்குன்னு அதுல ஊத்திட்டேன். நம்ம சொந்தத்துல ஆறு வீட்டுக்கு ரெண்டு ரெண்டு குடுக்கணும்லா."

பன்னிரண்டிலும் எண்ணெய். மதினியிடம் சாவியை மட்டும் கேட்டேன். கார் சாவி அண்ணாச்சியின் நனைந்த டிராயர் பையில் இருந்தது, அண்ணாச்சி அருவிக்கடியில் இருந்தார். ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம் அடையாளம் சொன்னேன். அவர் போய்ப் பார்த்தார், அண்ணாச்சியை அடையாளம் கண்டுகொண்டு சல்யூட் அடித்தார். தலையில் தண்ணீர் கொட்டக் கொட்ட இருவரும் பழைய ஸ்டேஷன் கதை பேசினார்கள். கால் மணி நேரம். நான் இங்கிருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியும் சந்தோஷமாக எனக்குக் கையை ஆட்டினார்.

வெளியே வந்து விஷயத்தைக் கேட்டதும், "இவ்வளவுதான? நானே கொண்டுபோய் விடுதேன். டிரைவிங் என்கிட்ட விடு" என்றார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மதினிக்கும் கடலைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் வலையைத் தொட்டியில் போட்டு மூன்று தடவை அலசினேன். கறை போகவில்லை. கிளம்பும்போது மணி பதினொன்றேகால்.

பாவூர்ச்சத்திரம் வந்ததும் மதினி, "கீழப்பாவூர் நரசிம்மர் பக்கத்துலதான இருக்காரு, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருவோம்" என்றார். நான் பின் சீட்டிலிருந்து, நேரமாகிவிட்டது மதினி என்று முடிந்தவரை பணிவாகச் சொன்னேன். "சாமிக்கு நேரம் பாக்கக் கூடாது" என்று அண்ணாச்சி வண்டியைத் திருப்பினார். கோயிலில் முக்கால் மணி நேரம். நான் கண்ணை மூடிக் கும்பிட்டபோது சாமியிடம் கேட்டது காற்று எழும்ப வேண்டும் என்றுதான். இரண்டு நாளைக்குக் கொஞ்சம் கச்சான் அடித்துப் பாசியைத் தள்ளிப்போடட்டும்.

திரும்பி மெயின் ரோட்டில் ஏறும்போதுதான் அண்ணாச்சியின் விசாரணை தொடங்கியது.

"ஏம்மா, கடலப் பச்சையாக்குதது யாரு? கம்பெனிக்காரனா?"

"யாரும் இல்ல அண்ணாச்சி. பாசி."

"பாசி எங்கன இருந்து வந்துது?"

"எங்கன இருந்தும் வரல. எப்பவும் கடல்லதான் இருக்கு."

"எப்பவும் இருக்கிறவன் இன்னைக்கு மட்டும் ஏன் செய்யுதான்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்று வருஷமாக நாங்கள் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிற கேள்வியை இவர் கியர் மாற்றுகிற நேரத்தில் கேட்டுவிட்டார். காற்றைச் சொன்னேன், அடித்தண்ணீரைச் சொன்னேன், வெயிலைச் சொன்னேன். பாசியைத் தின்கிற நுண்ணுயிர்கள் அந்தச் சமயத்தில் குறைவாக இருந்தால் இன்னும் வேகமாகப் பெருகும் என்றேன். ரோட்டோரம் ஒரு குளம் பச்சைப் பசேலென்று கிடந்தது. வயலுக்குப் போட்ட யூரியா வடிந்து அதில் சேர்ந்திருக்கும், கடலோரத்தில் ஆறு கொண்டுவருகிற உரத்துக்கும் இதே மாதிரி ஒரு பங்கு உண்டு என்றேன்.

"அப்ப குத்தாலத்துல இருந்து போற சித்தாத்துத் தண்ணியும் உடந்தை."

"இந்த மாசம் அது கடல் வரைக்கும் அவ்வளவா போறதில்ல. வழியிலேயே தேக்கிருதாங்க."

"அப்ப அது நம்ம லிமிட்டுல வராது" என்று ஒரு லாரியை முந்தினார். பிறகு, "தனி ஆளு வேலை இல்லம்மா இது. கூட்டுச் சதி. ஒருத்தன் சாப்பாடு போடுதான், ஒருத்தன் வெளக்கு பிடிக்கான், ஒருத்தன் காவல விலக்குதான். காத்து இருக்கான் பாரு, அவன் எடத்தக் காலி பண்ணிக் குடுக்கான்" என்றார்.

அவ்வளவும் சரி. அதுதான் ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொள்கிற மனிதர் ஏன் ஆலங்குளத்தில் டீக்கு நிறுத்தினார், திருநெல்வேலியில் அல்வாவுக்கு நிறுத்தினார்?

கரைக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆய்வுக்கூடத்து ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடையில் மினரல் வாட்டர் பாட்டில்கள் வாங்கித் தண்ணீரைக் கொட்டினேன். படகுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தார்.

"காலையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு மேடம். ரெண்டு மணிக்கு மேலதான் வெயிலுக்கு எல்லாம் மேல வந்துட்டு."

படகில் அண்ணாச்சியும் ஏறினார். மதினி அல்வாப் பொட்டலத்தோடு கரையில் இருந்தார். அரை மணி நேரம் ஓடியபின் பார்த்தேன். கடல் அசைவில்லாமல் கிடந்தது. பச்சை, பட்டை பட்டையாக, கலந்து வைத்த பெயின்ட் மாதிரி. படகு கிழித்த தடத்தில் பச்சை விலகி மெதுவாக மறுபடி மூடிக்கொண்டது. இரண்டு மணி நேரம். மூன்று வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. இரண்டே மணி நேரம்.

அண்ணாச்சி குமட்டலில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நிலையிலும், "சும்மா சொல்லக் கூடாது, பாக்க அழகாத்தான் இருக்கு" என்றார்.

கையிலிருந்த வாளியைத் தொப்பென்று கீழே வைத்தேன். "அண்ணாச்சி, நீங்க காரை எடுக்காம இருந்திருந்தா நான் இதுக்கு முன்னால வந்திருப்பேன். மூணு வருஷ வேலை. பைன்னு நினைச்சு மங்குஸ்தான் போட்டது, எண்ண ஊத்துனது எல்லாம் என் வேலை சாமான். யாராவது ஒருத்தர் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" குரல் நான் நினைத்ததை விடச் சத்தமாக வந்தது. படகுக்காரர் என்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணாச்சி வாயைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை.

"கேக்கலம்மா. தப்புதான். ஆனா நீயும் சொல்லலையே. இந்த ஒம்பது நாளும் இட்லிக்குச் சட்னி போதுமா அண்ணாச்சின்னு கேட்ட. காத்து நின்னா எனக்கு வேலை இருக்கு, நீங்க கிளம்புங்கன்னு ஒரு நாள் சொன்னியா? சொல்லியிருந்தா அன்னைக்கே பஸ் ஏறியிருப்போம்."

 மதினிக்கு நான் காலேஜில் பாடம் நடத்துகிறவள் என்றுதான் இன்றுவரை எண்ணம். அதை நான் திருத்தியதே இல்லை. வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டேன். பச்சைப் பட்டையின் நடுவில், ஓரத்தில், அதற்கு வெளியே. அண்ணாச்சி வாந்தி எடுத்துக்கொண்டே பாட்டில்களுக்கு மூடி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவர்கள் மதுரைக்குக் கிளம்பினார்கள். நான் ஆய்வுக்கூடத்தில் எரிச்சல் தீராமல் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன். பச்சைக்குக் காரணமான பாசி, வால் முளைத்த சின்ன உருண்டை மாதிரி இருக்கும். அது தன்னை விடச் சிறிய பாசிகளை விழுங்கவும் செய்யும். உருண்டை உருண்டையாகப் பார்த்துக்கொண்டு போனேன். பலவற்றின் வயிற்றுக்குள் கண்ணாடி ஓடு போட்ட வேறு பாசிகள் சங்கிலி சங்கிலியாகக் கிடந்தன. பாதி செரித்தும் ஓடு கரையாமல் இருந்தன. இவைதான் முதலில் பெருகியிருக்க வேண்டும். காற்று விழுந்து தண்ணீர் தெளிந்த அந்த இரண்டு மூன்று நாளில் இவை பெருகின, பிறகு பச்சைப் பாசி வந்து இவற்றைத் தின்று கொழுத்தது. நான் தவறவிட்டவற்றில் கொஞ்சம் இதன் வயிற்றுக்குள் மிச்சம் இருந்தது. அன்று முழுக்க எண்ணினேன்.

திட்டத் தலைவர் பார்த்துவிட்டு, "சுவாரஸ்யம்தான், ஆனா இதை ஆரம்ப நாள் சாம்பிள்னு எழுத முடியாது" என்றார். எழுத முடியாதுதான். தொடக்கம் நேரில் பதிவாகவில்லை என்று மூன்றாம் தடவையாக எழுதிவிட்டு, அதற்குக் கீழே வயிற்றில் கண்டதை இரண்டு பக்கம் எழுதினேன்.

அந்த வாரம் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. படகுக்காரருக்குத் தொழில் இல்லை. ஒரு சாயங்காலம் ஆய்வுக்கூடத்துப் பக்கம் வந்தார். உள்ளே அழைத்து மைக்ரோஸ்கோப்பைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இம்புட்டுக்காணும் இருந்துக்கிட்டுதான் எங்க வலையக் காயப் போட்டிருக்கா இது?" என்றார் நிமிராமலே. பிறகு, "நகருது மேடம், வெளிய போகுது, பிடிங்க, பிடிங்க" என்று அடியில் இருக்கிற கண்ணாடித் துண்டை அதன் பின்னாலேயே நகர்த்தச் சொன்னார். நான் நகர்த்தினேன்.